ஒரு நூல் தள்ளி

பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். உங்க முட்டி வலி எப்படி இருக்கு? மாத்திரை போடறீங்களா, இல்ல பிரஸ்ல நின்னுக்கிட்டேதான் இருக்கீங்களா? போன் பண்ணினா "ம்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிடறீங்க. உங்க பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, என் குரல் அண்ணன் குரல் மாதிரியே இருக்குன்னு அழுதீங்களாம். அதான் எழுதறேன். எழுத்துக்குக் குரல் கிடையாதே.

அண்ணன் போய் ஒரு மாசம் ஆகுது. வேலைக்குக் கிளம்பும்போது வாசல்ல செருப்பு மாட்டக் குனிஞ்சவர் அப்படியே சரிஞ்சிட்டார், ஒரு நிமிஷம்கூடக் கஷ்டப்படலைன்னு சொன்னீங்க. அதை நினைச்சுத்தான் தேத்திக்கறேன். கடைசியா முகம் பார்க்கக்கூட வர முடியல. விசா விஷயம் முடியற வரைக்கும் இந்த நாட்டை விட்டுக் கால் எடுத்து வச்சா திரும்ப உள்ளே விட மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

இப்போ கேட்கப் போறதுக்கு வாய் கூசுது. அந்த வாரம்தான் யூனிவர்சிட்டிக்குப் போய் என் மதிப்பெண் சான்றெல்லாம் வாங்கறேன்னு அண்ணன் சொல்லியிருந்தார். போனாரா அண்ணி? பீரோவுல, அவர் பையில ஏதாவது இருக்கான்னு பார்க்கறீங்களா? நான் இன்னும் ஓட்டல் துணி வெளுக்கிற இடத்துலதான் இருக்கேன். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு மடிக்கிறேன், மணிக்கட்டு விட்டுப் போகுது. ரத்தத்தை மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்க்கப் படிச்சவ இப்போ ரத்தக்கறை போச்சான்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்.

அவசரம் இல்ல. மெதுவாப் பாருங்க.

உங்க நாத்தனார்,
வாலு

*

மார்ச் 14

என் வாலுக்கு அண்ணி எழுதறது.

நான் இருக்கேன். நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும். இதுவரைக்கும் உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்ல உங்க அண்ணன் எழுதினது. இது என் எழுத்து. அஞ்சாங் கிளாஸோட நின்ன கை, கோணலாத்தான் போகும். பொறுத்துக்கோ.

முட்டி அப்படியேதான் இருக்கு. மறுபடி வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டேன். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு இப்பவே நோட்டு பைண்டிங் மலை மாதிரி கிடக்கு. முதலாளி ஒண்ணும் கேட்கல. என் இடத்தைக் காலியாவே வச்சிருந்தார். பசைச் சட்டியைக்கூட யாரும் நகர்த்தல. அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு முட்டிக்கிச்சு, பசை நாத்தம்னு சொல்லிச் சமாளிச்சேன்.

நீ கேட்டது இருக்கு. அவரு பையில இருந்துச்சு. பழுப்புக் கவர், ஆறு தாள். வாங்கித்தான் வச்சிருக்காரு. எப்போ போய் வாங்கினாரு, எனக்குத் தெரியாது. அவரு எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டா போவாரு.

சாப்பிடு. மணிக்கட்டுக்குத் துணி சுத்திக்கோ.

அண்ணி

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க எழுத்துல ஒரு கோணலும் இல்ல. நல்லா இருக்கீங்களான்னு கேட்டா "இருக்கேன்"னு மட்டும் எழுதறீங்களே, அதுதான் கோணல்.

கவர் இருக்குன்னதும் தரையில உட்கார்ந்துட்டேன். அண்ணன் சொன்னா சொன்னபடி செஞ்சிடுவார். அண்ணி, ஒரே ஒரு விஷயம், கவனமாப் படிங்க. அந்தக் கவரைப் பிரிக்கவே கூடாது. ஒட்டின மூடி மேல யூனிவர்சிட்டி ரப்பர் ஸ்டாம்ப் பாதி மூடியிலயும் பாதி கவர்லயுமா விழுந்திருக்கும். அது அப்படியே இருந்தாத்தான் இங்க செல்லும். பிரிச்சா வெறும் காகிதம்.

எதுக்குன்னு சொல்றேன். இங்க வேலை தேடித் தர்ற ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க. நம்ம ஊர்ல எழுதற மாதிரி என் விவரமெல்லாம் ரெண்டு பக்கம் எழுதிட்டுப் போனேன். சிவப்புப் பேனாவை எடுத்தாங்க. அப்பா பேர், அடி. பிறந்த தேதி, அடி. உயரம், அடி. "இதை ஏன் போட்டிருக்கே, போலீஸ் வேலையா?"ன்னாங்க. பாதுகாவலர்னு அண்ணன் பேரைப் போட்டிருந்தேன். அதையும் அடிக்கப் போனாங்க, நானே அடிச்சுக்கறேன்னு தாளை வாங்கிக்கிட்டேன். "முதல் வகுப்பில் தேர்ச்சி"ன்னு பெருமையா எழுதியிருந்தேன். ஒண்ணாங் கிளாஸ் பாஸ் பண்ணினதை இவ்வளவு பெரிய எழுத்துல போடணுமான்னு கேட்டாங்க. சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

படிப்புக்கு ரெண்டே வரிதான் வேணுமாம். சான்றிதழ்ல இருக்கிறபடியே பட்டத்தோட பேர், காலேஜ் பேர். அதுக்குக் கீழே, இந்த நாட்டுல இன்ன படிப்புக்குச் சமம்னு ஒரு வரி. அந்த "சமம்" நான் சொன்னா செல்லாது. மதிப்பீட்டு ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு, அவங்கதான் சொல்லணும். அவங்க கேட்கறது அந்தக் கவர். செப்டம்பர் நடுவுல ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேப்ல ஆள் எடுக்கறாங்க. அதுக்குள்ள அந்த ஒரு வரி கையில இருந்தா துணியை விட்டுடலாம்.

பெரிய உறைக்குள்ள அட்டை வச்சுப் பதிவுத் தபால்ல அனுப்புங்க. பிரிக்காதீங்க.

வாலு

*

ஏப்ரல் 24

என் வாலுக்கு,

நாங்க எல்லாரும் சுகம்னு எழுத வந்துட்டேன். எல்லாரும்னா யாரு, நான்தான். நான் சுகம். மாப்பிள்ளைக்கு இருமல்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொன்னியாமே, தேவலையா?

தாமதம்னு கோச்சுக்காதே. பிரஸ்ல வேலை அதிகம். நடுவுல ரெண்டு நாள் தபாலாபீஸ் லீவு. அப்புறம் எனக்கு ஜுரம். கவரை இன்னிக்குக் காலையில அனுப்பிட்டேன். ரெண்டு பக்கமும் அட்டை வச்சிருக்கேன். மூடி நல்லாத்தான் ஒட்டியிருக்கு, ஸ்டாம்பும் சரியா இருக்கு. வெளிச்சத்துல வச்சுப் பார்த்துட்டேன்.

நல்லபடியா முடியட்டும். முடிஞ்சதும் ஒரு வரி எழுது. முடியற வரைக்கும் எழுதாட்டியும் பரவாயில்ல.

அண்ணி

*

ஜூன் 2

அண்ணி,

உடம்பு எப்படி இருக்கு, ஜுரம் விட்டுச்சா? எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல.

கவர் வந்தது, கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தாநாள் மதிப்பீட்டு ஆபீஸ்ல இருந்து கடிதம். கவர் பிரிக்கப்பட்டுத் திரும்ப ஒட்டப்பட்டிருக்குன்னு எழுதியிருக்காங்க. மூடியில இருக்கிற பாதி ஸ்டாம்பும் கவர்ல இருக்கிற பாதி ஸ்டாம்பும் ஒரு நூல் தள்ளி இருக்காம். பசையும் ரெண்டு விதமாம். யார் பிரிச்சது, எதுக்கு, உள்ளே என்ன மாத்தினாங்கன்னு முப்பது நாளுக்குள்ள எழுத்துல விளக்கம் கேட்டிருக்காங்க. பொய்ச் சான்றுன்னு முடிவு பண்ணினா அஞ்சு வருஷத்துக்கு நான் எந்த விண்ணப்பமும் போட முடியாது. என் பேர் ஒரு பட்டியல்ல ஏறிடும். லேப் மட்டும் இல்ல, எந்த ஆஸ்பத்திரி வாசலும் மிதிக்க முடியாது.

வேலை ஆபீஸ் அம்மாகிட்ட போய் அழுதேன். யார்கிட்ட இருந்துச்சுன்னு கேட்டாங்க. அண்ணன்கிட்ட, அவர் இப்போ இல்லைன்னு சொன்னேன். அப்போ அவர் தெரியாமப் பிரிச்சிட்டார்னு எழுதிடு, இல்லாதவரை யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டாங்கன்னாங்க.

அண்ணி, மார்ச்சுல நீங்க எழுதின கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படிச்சேன். "பழுப்புக் கவர், ஆறு தாள்"னு எழுதியிருக்கீங்க. ஒட்டின கவருக்குள்ள ஆறு தாள்.

நான் எதுவும் கேட்கல. அண்ணன்தான் பிரிச்சார்னு எழுதிடறேன். அவர் இருந்திருந்தாலும் "என் பேரை எழுதிக்கோ, போ"ன்னுதான் சொல்லியிருப்பார். நீங்க சரின்னு ஒரு வார்த்தை எழுதினா போதும்.

வாலு

*

ஜூன் 12

வாலு,

சரின்னு எழுத மாட்டேன்.

அவரு பேரை எழுதாதே. அவரு அடுத்தவங்களுக்கு வந்த தபால் கார்டைக்கூடத் திருப்பிப் பார்க்க மாட்டாரு. இல்லாத ஆள் தலையில கட்டலாம்னு அந்த அம்மா சொல்லலாம், அவங்களுக்கு அவரைத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இதோட இன்னொரு கடிதம் வச்சிருக்கேன். அது அந்த ஆபீசருக்கு. அப்படியே இங்கிலீஷ்ல மாத்திக் கொடுத்துடு. உன்கிட்ட சொல்லாததும் அதுல இருக்கு. உனக்குன்னு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன், கை போகல. தெரியாத ஆளுக்குன்னதும் போயிடுச்சு. நீ படிக்காம மாத்த முடியாதுன்னு எனக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டுல இருக்கும்போது படி.

அண்ணி

மதிப்பீட்டு ஆபீஸ் அதிகாரிக்கு வணக்கம்.

நீங்க ஐயாவா அம்மாவான்னு எனக்குத் தெரியாது. நான் அச்சாபீஸ்ல நோட்டு பைண்டிங் பண்றவ. பதினாறு வருஷமா ஒட்டற வேலை. உங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிற பொண்ணு என் வீட்டுக்காரரோட தங்கச்சி. அந்தக் கவரைப் பிரிச்சது நான். ஒட்டினதும் நான். வேற யாருக்கும் இது தெரியாது.

ஜனவரி மாசம் என் வீட்டுக்காரரு தங்கச்சிக்காக யூனிவர்சிட்டிக்குப் போனாரு. முந்தின நாளே நெஞ்சு பிடிக்குதுன்னு சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னேன். அந்த வாரத்தோட கவுன்டரை மூடறாங்க, அப்புறம் ரெண்டு மாசம் பரீட்சை வேலைன்னு திறக்க மாட்டாங்க, இதை முடிச்சுட்டு நாளன்னைக்குப் போறேன்னாரு. காலையில கிளம்பும்போது நான் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பல. "உங்களுக்கு உங்க தங்கச்சிதான் முக்கியம், போங்க"ன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே செருப்பை மாட்டினாரு. வாசல்ல விழுந்தாருன்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன். வாசல்ல விழல.

பத்து மணியில இருந்து மூணாம் நம்பர் கவுன்டர் வரிசையில நின்னிருக்காரு. ரெண்டு மணிக்கு மேல கவரை வாங்கிக்கிட்டு நாலு அடி எடுத்து வச்சவரு அங்கேயே உட்கார்ந்து சாஞ்சிட்டாராம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தப்போ ஆளு இல்ல. பையைக் கொடுத்தாங்க. மூக்குக் கண்ணாடி, பேனா, இந்தக் கவர். கவர் கசங்கக்கூட இல்ல.

பத்து நாள் கழிச்சுப் பிரிச்சேன். எனக்குப் படிக்கத் தெரிஞ்சது கொஞ்சம். கவர்ல ஏதோ இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு, பிரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு அங்க ஏதாவது எழுதியிருப்பாரு, அவரு கடைசியா எழுதினது உள்ளே இருக்கும்னு நினைச்சேன். தாள் மடிப்பை அழுத்தற கட்டையால மூடியைக் கிழியாம எடுத்தேன். ஆறு தாள் இருந்துச்சு. எல்லாம் மிஷின் எழுத்து. அவரு எழுத்து ஒண்ணுகூட இல்ல. இருந்த வரிசையிலேயே திரும்ப வச்சுட்டேன்.

பிரிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட இருந்து கடிதம் வந்தப்போதான் என்ன செஞ்சிருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுது. நடந்ததைச் சொன்னா எங்க விழுந்தாருன்னும் சொல்லணும். அதனால பிரஸ்ல பசை காய்ச்சி, ஸ்டாம்பைப் பொருத்தி ஒட்டி, ரெண்டு நாள் பாரம் ஏத்தி வச்சேன். ஒரு நூல் தள்ளிப் போச்சுன்னு சொல்றீங்க. தொழில்ல நான் ஒரு நூல் தள்ள மாட்டேன். அன்னிக்குக் கை நடுங்கிச்சு.

நான் செஞ்சது தப்பு. தாள்ல எதையும் மாத்தல. மாத்தறதுக்கு எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. தண்டனை ஏதாவது உண்டுன்னா எனக்குக் கொடுங்க. அந்தப் பொண்ணு முதல் வகுப்புல பாஸ் பண்ணினது நிஜம். ரிசல்ட் வந்த அன்னிக்கு அவரு தெருவுல இருந்தவங்க எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாரு.

இப்படிக்கு,
பிரிச்சவ

*

ஜூலை 19

அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களா? ஒன்றரை மாசமா எழுதல.

உங்க கடிதத்தை மாத்திக் கொடுத்துட்டேன். துணி வெளுக்கிற இடத்துல சாப்பாட்டு நேரத்துல நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன். "நெஞ்சு பிடிக்குது"ங்கறதை எப்படி எழுதறதுன்னே தெரியல. என் பக்கத்துல மடிக்கிற பொம்பளை எட்டிப் பார்த்து, யாருக்கு உடம்பு சரியில்லைன்னு கேட்டா. யாருக்கும் இல்லைன்னேன்.

அந்த வாரம் அண்ணனுக்கு மூணு தடவை போன் பண்ணினது நான். "போனியா, போனியா"ன்னு கேட்டது நான். மூணாவது தடவை, "நீ எப்பவும் இப்படித்தான், எல்லாத்தையும் தள்ளிப் போடுவே"ன்னேன். நெஞ்சு வலின்னு ஒரு வார்த்தை சொல்லல அண்ணி. "நாளைக்குப் போறேன் வாலு"ன்னு மட்டும் சொன்னார்.

ஆபீஸ்ல உங்க விளக்கத்தை ஏத்துக்கிட்டாங்க. பட்டியல்ல என் பேர் ஏறல. புதுசா ஒரு கவர் வேணும், அதை யார் கையிலயும் கொடுக்காம யூனிவர்சிட்டியே நேரா அனுப்பணும், ஆகஸ்ட் கடைசிக்குள்ள வந்தா போதும்னாங்க.

எனக்கு வேண்டாம். அந்த வரிசையில யாரையும் இன்னொரு தடவை நிக்க வைக்க மாட்டேன். வேலை ஆபீஸ்ல இருந்த என் தாளைத் திரும்ப வாங்கிக்கிட்டேன். துணி மடிக்கிறது ஒண்ணும் கேவலம் இல்ல.

உங்களுக்கு என் மேல கோபம் இருக்கும். எழுதாட்டாலும் தெரியுது.

வாலு

*

ஜூலை 30

வாலு,

சுகம் விசாரிக்க இப்போ மனசு வரல. அப்புறம் விசாரிக்கிறேன்.

ஆமா, கோபம்தான். ஆறு மாசமா. உன் கடிதம் வந்தா பிரிக்காம அரிசி டப்பா மேல வச்சுட்டு, வேலையெல்லாம் முடிச்சுட்டுத்தான் எடுப்பேன். அவரு ஆஸ்பத்திரிக்குப் போகாம உனக்காகப் போனாருன்னு ஒரு நாளைக்குப் பத்து தடவை தோணும். உன் மணிக்கட்டு எப்படி இருக்குன்னு எழுதுவேன், மனசுக்குள்ள வேற ஓடும். இதைச் சொல்லக் கூடாதுன்னுதான் வாசல்ல விழுந்தாருன்னேன். உன்னைக் காப்பாத்தறதுக்குன்னு நினைக்காதே. சொல்ல ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு எனக்கே பயம்.

ஆனா நீ வேண்டாம்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சப்போ வந்த கோபம் இருக்கே, அது அந்த ஆறு மாசத்தையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. யாருக்காக வேண்டாங்கறே? எனக்காகவா? நான் கேட்டேனா? நீ நானூறு விரிப்பு மடிச்சா அவரு எழுந்து வந்துடுவாரா? அவரு அன்னிக்கு ஒரு வேலைக்குப் போனாரு. வேலை முடியல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பாதியில நிக்கிற வேலையைப் பார்த்தா எனக்குத் தூக்கம் வராது, பிரஸ்ல கேட்டுப் பாரு.

யூனிவர்சிட்டியில விசாரிச்சுட்டேன். படிச்சவங்க கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் இருந்தா நான் போய் விண்ணப்பம் கொடுக்கலாமாம். அவருக்குக் கொடுத்த மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதி அனுப்பு. வேற சமாதானம் எதுவும் எழுத வேண்டாம்.

யாரையும் வரிசையில நிக்க வைக்க மாட்டேன்னு சொல்றே. நீ நிக்க வைக்கல. நானே போய் நிக்கிறேன்.

மாப்பிள்ளை இருமல் நின்னுச்சா? விசாரிச்சுட்டேன்.

அண்ணி

*

ஆகஸ்ட் 8

யூனிவர்சிட்டி பதிவாளர் அவர்களுக்கு,

என் மதிப்பெண் சான்றுகளின் புதிய படிகளுக்கு என் சார்பில் விண்ணப்பிக்க, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் என் அண்ணிக்கு அனுமதி அளிக்கிறேன். கவரை நேரடியாக மதிப்பீட்டு அலுவலகத்துக்கே அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

(பின்பக்கம், பென்சிலில்)

அண்ணி, நீங்க கேட்டது. வேற எழுத வரல. வரிசையில உட்கார இடம் இருந்தா உட்காருங்க. தண்ணி கொண்டு போங்க.

*

ஆகஸ்ட் 17

என் வாலுக்கு,

நான் நல்லா இருக்கேன், நிஜமாவே சொல்றேன். நீ சாப்பிடறியா?

நேத்துப் போயிட்டு வந்தேன். தண்ணி கொண்டு போனேன். மூணாம் நம்பர் கவுன்டர்ல ஒரு கண்ணாடிக்காரரு. எனக்கு முன்னாடி முப்பது பேரு. எல்லாம் சின்னப் பசங்க, யாரோ எங்கேயோ போறதுக்குக் கவர் வாங்க வந்ததுங்க. பின்னால நின்ன பொண்ணு, "ஆன்ட்டி, நீங்க என்ன படிச்சீங்க?"ன்னு கேட்டா. "நோட்டு"ன்னேன். ரொம்ப மரியாதையா ஓன்னு சொல்லிக்கிட்டா.

எந்த இடத்துல சாஞ்சாருன்னு கேட்கணும்னுதான் போனேன். அங்க ஒரு பெஞ்சு, ஒரு தண்ணிக் குழாய், சுவர்ல கட்டண விவரம். பெஞ்சுல ஒருத்தன் ஷூ கயிறு கட்டிக்கிட்டு இருந்தான். கேட்கல.

என் முறை வந்துச்சு. கண்ணாடிக்காரரு உன் நம்பரைப் பார்த்துட்டு, "இதுக்கு ஜனவரியிலேயே கொடுத்தாச்சே"ன்னாரு. பேரேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்துக்கு வந்ததும் நின்னுட்டாரு. என்னைப் பார்த்தாரு. "அவருக்கு நீங்க?"ன்னாரு. "வீட்டுக்காரி"ன்னேன். எழுந்து நாற்காலியைத் தள்ளினாரு. வேண்டாம்னேன். அந்தக் கண்ணாடிக்காரரு கைதான் அன்னிக்குத் தண்ணி தெளிச்சுச்சாம். உங்க அண்ணன் ஏதாவது சொன்னாரான்னு கேட்டேன். "கவர் எங்க, கவர் எங்கன்னு கேட்டார். பைக்குள்ளதான் இருக்குன்னு நான் காட்டினேன். சரின்னார்"னாரு. அவ்வளவுதான் வாலு. உன்னைப் பத்தியோ என்னைப் பத்தியோ சொன்னாருன்னு நான் கதை கட்ட மாட்டேன்.

நேத்தே அச்செடுத்துக் கொடுத்துட்டாங்க. என் கண் முன்னாடியே கவர்ல போட்டு ஒட்டினாரு. கோந்து தண்ணியா இருக்கு, பிரஷ்ல பாதி முடி இல்ல. மூடி முழுக்கப் பூசாம நடுவுல மட்டும் ஒரு இழுப்பு. ஓரமெல்லாம் வழியுது. என் கை பரபரன்னு வருது. நான் ஒட்டித் தரேனேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னேன். ஸ்டாம்பைக் குத்தினாரு, அதுவும் கோணல். இப்படிப் பார்த்தா உன் ஆபீஸ்காரங்க ஒழுங்கா ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டிருப்பாங்க.

தபால் மூட்டையில விழற வரைக்கும் பார்த்துட்டுத்தான் வந்தேன். உன் தாளைத் திரும்ப வேலை ஆபீஸ்ல கொடுத்துடு.

அண்ணி

*

செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். இருமல் நின்னு ரொம்ப நாள் ஆச்சு. நீங்க கேட்டதை அவர்கிட்ட சொன்னேன், சிரிச்சார்.

கவர் வந்து சேர்ந்துச்சாம். பன்னிரண்டாம் தேதி மதிப்பீடு கைக்குக் கிடைச்சுது. மூணு வருஷம் படிச்சதை இந்த நாட்டு ரெண்டு வருஷப் படிப்புக்குச் சமம்னு போட்டிருக்காங்க. எனக்குக் கோபமா வந்துச்சு. வேலை ஆபீஸ் அம்மா, ரெண்டுன்னா ரெண்டு, அதைக் கூட்டி எழுதாதே, குறைச்சும் எழுதாதேன்னாங்க. அப்படியே எழுதினேன். பட்டம், காலேஜ், கீழே அந்த ஒரு வரி.

பதினெட்டாம் தேதி லேப்ல கூப்பிட்டாங்க. மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்க. படிச்சு முடிச்சு இத்தனை நாள் என்ன செஞ்சேன்னு கேட்டாங்க. துணி மடிச்சேன்னு சொன்னேன். ஒருத்தர் எழுதிக்கிட்டார். இன்னிக்குக் கடிதம் வந்துடுச்சு. முதல் ஆறு மாசம் ரத்தக் குப்பிகளை வாங்கிச் சரிபார்த்து உள்ளே கொடுக்கிற வேலை. அப்புறம் பரீட்சை வச்சு மிஷினுக்கு விடுவாங்க. திங்கட்கிழமை சேரணும்.

துணி வெளுக்கிற இடத்துல சொல்லிட்டேன். பக்கத்துல மடிக்கிற பொம்பளை கையைப் பிடிச்சுக்கிட்டா. கடைசி விரிப்பை ரெண்டு பேரும் சேர்ந்து மடிச்சோம்.

யார்கிட்ட முதல்ல சொல்லணும்னு நினைச்சேன்னு உங்களுக்குத் தெரியும். அடுத்தது நீங்க.

ஒண்ணு கேட்கறேன், மழுப்பாம எழுதுங்க. கோபம் போச்சா?

வாலு

*

அக்டோபர் 9

என் வாலுக்கு,

உன் கடிதம் வந்துச்சு. அரிசி டப்பா மேல வைக்கல. வாசல்லயே நின்னு பிரிச்சேன்.

மூணு வருஷம் அங்க போனதும் ரெண்டா ஆயிடுச்சா? நீ வேலை பார்த்த இடத்துல போட்டு வெளுத்துட்டாங்களோ என்னவோ, சுருங்கிடுச்சு. போகட்டும். பிரஸ்ல எல்லாருக்கும் சொன்னேன். முதலாளி, "லேப்னா அரசாங்கமா?"ன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல, ஆமான்னுட்டேன். வீட்டுக்கு வந்து சத்தமா ஒரு தடவை படிச்சேன், உன் கடிதத்தை. அவரு படிச்சுக் காட்டற மாதிரி எனக்கு ஏத்த இறக்கம் வராது. இருந்தாலும் படிச்சேன்.

சேர்ந்துட்டியா? எத்தனை மணிக்குப் போறே? நிக்கணுமா, உட்காரலாமா? குப்பியைக் கையில எடுக்கும்போது உறை போட்டுக்கோ, உனக்குச் சின்ன வயசுல இருந்தே நகம் கடிக்கிற பழக்கம். கோட்டு கொடுப்பாங்களாமே, வெள்ளையா நீலமா? கை நீளம் சரியா இருக்கா? உனக்கு எப்பவும் கை நீளமாத்தான் போகும், நாலு விரக்கடை உள்ளே மடிச்சுத் தைக்கணும். அங்க தைக்கிறவங்க இருக்காங்களா, இல்ல நீயே ஊசியை எடுத்து விரல்ல குத்திக்கப் போறியா? மாப்பிள்ளையை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு, கோட்டோட.

கோபம் போச்சான்னு கேட்டிருந்தே. போகல. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தப்போகூட இருந்துச்சு. கோட்டு என்ன கலர்னு எழுதும்போது காணோம். திரும்ப வரும். வந்தா வந்துச்சுன்னு எழுதறேன், நீ பயந்து எழுதாம இருந்துடாதே.

உன் அண்ணி